தரைக்குள்ளிருந்து எழுந்த புகை

அமெரிக்கச் சிற்றூர் என்றதும் மனதில் வந்து நிற்கிற சித்திரம் சினிமாவும் நாவலும் கட்டித் தந்தது: ஒற்றைக் கடைத்தெரு, கூம்பு வைத்த தேவாலயம், வேலிக்குள் ஒரு வெள்ளைக் குடும்பம். இந்தச் சித்திரத்துக்குள் அடங்காத ஊர் ஒன்று கான்சாஸ் மாநிலத்தில், சாலமன் ஆற்றுப் பக்கம் இருக்கிறது. பெயர் நிக்கோடிமஸ். 1877இல் கறுப்பர்கள் குடியேறி உருவாக்கிய ஊர். அதன் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 'ஊர் ஏன் செத்துப்போச்சு?' என்ற கேள்வியிலேயே போய் முடிக்கிறார்கள். எனக்கு அந்தக் கேள்வி மீதே சந்தேகம்.

ஊர் முதலில் காகிதத்தில்தான் இருந்தது. டபிள்யூ. ஆர். ஹில் என்ற வெள்ளை நில வியாபாரியும் டபிள்யூ. எச். ஸ்மித் என்ற கறுப்புப் பாதிரியாரும் நிறுவனம் அமைத்து, துண்டறிக்கை அச்சிட்டு, கென்டக்கியின் கறுப்பு மக்களைக் கூப்பிட்டார்கள். அடிமைமுறை 1865இலேயே சட்டப்படி ஒழிந்திருந்தது. ஆனால் நிலம் யாருடையதாக இருந்ததோ அவர்களுடையதாகவே இருந்தது. கூப்பிட்ட குரல் எவ்வளவு இனித்திருக்கும் என்று சொல்லவா வேண்டும்? செப்டம்பரில் ஏறத்தாழ 300 பேர் வந்து இறங்கினார்கள்.

அடுத்த வசந்தத்தில் வந்த வில்லியானா ஹிக்மன் என்ற பெண் பிற்காலத்தில் நினைவுகூர்ந்த காட்சி ஒன்று உண்டு. அதோ ஊர் என்று கணவர் கைகாட்டுகிறார். இவருக்கோ ஊர் எதுவும் தென்படவில்லை. தரைக்குள்ளிருந்து புகை மட்டும் எழுகிறது. மரமில்லாத சமவெளியில் மண்ணைக் குடைந்து, வளைக்குள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள் மனிதர்கள். அவர் அழுதுவிட்டார்.

துண்டறிக்கை என்ற பிரதிக்கும் இந்தப் புகைக்கும் இடையில் இருக்கிற தூரம்தான் நிக்கோடிமஸின் உண்மையான வரலாறு என்பேன். சிலர் உடனே திரும்பிப் போனார்கள். ஹிக்மன் போகவில்லை. முதல் குளிர்காலத்தில் ஓசேஜ் பழங்குடியினர் இறைச்சி கொடுத்துக் காப்பாற்றியதாக ஊரின் வாய்மொழி சொல்கிறது. பழங்குடிகளிடம் பறித்த சமவெளியில்தான் இந்தக் குடியேற்றமே நடந்தது என்பதையும் சேர்த்துப் படித்தால், விடுதலைக் கதையாடல் அத்தனை சுத்தமாக இல்லை.

பிறகு ஊர் தரைக்கு மேலே வந்தது. பள்ளி, தேவாலயங்கள், விடுதி, 1880களில் இரண்டு செய்தித்தாள். இங்கே வந்து குடியேறிய எட்வர்ட் மக்கேப் 1882இல் மாநிலத் தணிக்கையாளராகத் தேர்வானார். ரயில் வந்தால் போதும் என்று நம்பி 1887இல் 16,000 டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிட ஊரார் வாக்களித்தார்கள். ரயில் வரவில்லை. 1888இல் யூனியன் பசிபிக் ஆற்றுக்குத் தெற்கே தண்டவாளம் போட்டது. அங்கே போக் என்ற ஊர் முளைத்தது. வியாபாரிகள் கடைகளோடு அங்கே போய்விட்டார்கள்.

'செத்துப்போச்சு' என்பது இங்கிருந்து தொடங்குகிற பேச்சு. அது ரயில் கம்பெனியின் அளவுகோல், மூலதனத்தின் மொழி. கடை போனால் ஊர் போச்சு! ஆனால் விவசாயம் செய்தவர்கள் அங்கேயே இருந்தார்கள். தபால் நிலையம் மூடியது 1953இல்தான். 1996இல் அரசு அதை தேசிய வரலாற்றுத் தலமாக்கியது. 2020 கணக்கெடுப்பில் 14 பேர்.

அந்தப் பதினான்கில் அடங்காதவர்களும் இருக்கிறார்கள். ஒவ்வொரு ஜூலை இறுதியிலும் வழித்தோன்றல்கள் பல மாநிலங்களிலிருந்து ஊர் திரும்புகிறார்கள். சமையல், பிரார்த்தனை, ஊர்வலம். இந்த விழாவின் மூலம் லிங்கனின் பிரகடன நாள் அல்ல; பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைமுறை ஒழிந்த 1834 ஆகஸ்ட் 1. கான்சாஸ் மண்வளைக்குள் இருந்தவர்கள் கடல் கடந்த கரும்புத் தோட்டத்துக்காரர்களின் நாளைத் தங்கள் நாளாக எப்படிப் பிடித்துக்கொண்டார்கள் என்பதை யாராவது விரிவாக எழுத வேண்டும்.