நவச்சாரம் போன வழி

பின்லாந்தில் 'சல்மியாக்கி கோஸ்கென்கோர்வா' என்றொரு மது உண்டு. மை போன்ற கறுப்பு; அதிமதுர மணம்; நாவில் உப்பும் கார்ப்புமாய் ஏறும் சுவை. 1990களில் அந்நாட்டு இளைஞரைப் பெரிதும் ஈர்த்த பானம். கோஸ்கென்கோர்வா என்பது வடிசாலை அமைந்த சிற்றூரின் பெயர். சல்மியாக்கியோ நமக்கு அந்நியமானதன்று, நம் நவச்சாரமேதான். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர் தூவித் தேய்க்கையில் வெண்புகை எழுமே, அந்தப் பொருள்.

அதிமதுரமும் நவச்சாரமும் அங்கே இருமல் மருந்தாக மருந்துக்கடைக்குள் நுழைந்து, மிட்டாயாகி, பின்னர் புட்டிக்குள் இறங்கின. நம் சித்த மருத்துவமும் இரண்டையும் அறியும். திருவந்திபுரத்தில், கெடிலக்கரைத் தேவநாதப் பெருமாள் கோயிலருகே உள்ள குன்றுக்கு ஔஷதகிரி என்றே பெயர். அனுமன் சுமந்த மருந்துமலையின் துண்டு என்பது தல ஐதிகம். (அதிமதுரம் அங்கே முளைப்பதன்று, அது மேற்காசியத்திலிருந்து வணிகர் வழி வந்த வேர்.)

ஆனால் இவ்வட்டாரத்தில் நவச்சாரத்துக்கு இன்னொரு வாழ்வும் வாய்த்தது. வெல்லக் கரைசலைப் புளிக்கவைக்கும் நொதிக்கு அது உணவு. அத்துடன் வெள்வேலம் பட்டையும் சேர்ந்தால் பட்டைச் சாராயம். திருவந்திபுரத்துக்கு அண்மையில் உள்ள நெல்லிக்குப்பத்தில் பாரி நிறுவனத்தின் சர்க்கரை ஆலை 1842இல் தோன்றியது. 'ஈ.ஐ.டி. பாரி' என்னும் பெயரிலுள்ள 'டி' வடிசாலையைக் குறிப்பது என்பதைக் கரும்பு ஏற்றிச் செல்வோர் எத்தனை பேர் அறிவார்கள்?

பின்லாந்து 1919 முதல் 1932 வரை மதுவிலக்கில் இருந்தது. சென்னை மாகாணத்தில் 1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1948இல் மாகாணம் முழுதும் பரவியது. கடலூருக்கு அது விசித்திரமான விலக்கு: பெண்ணையாற்றைக் கடந்தால் பாகூர், பிரெஞ்சு மண், அங்கே தடையில்லை. ஆற்றைக் கடக்க இயலாதவருக்கு ஊரோரத்து ஊறல் பானை இருந்தது. நவச்சாரம் என்ற சொல் மருத்துவர் வாயிலிருந்து காவல்துறைக் குறிப்பேட்டுக்கு இடம்பெயர்ந்தது இக்காலத்தில்தான் என்று நமக்குத் தோன்றுகிறது.

விலக்கு நீங்கியபின் பின்லாந்தில் விற்பனை அரசின் கைக்குப் போனது. இங்கே 1971இல் விலக்கு தளர்ந்தது, சில ஆண்டுகளில் திரும்பியது, 1981இல் மீண்டும் தளர்ந்தது. 2003இல் சில்லறை விற்பனையும் டாஸ்மாக் வசமாயிற்று. எனினும் ஊறல் பானை ஒழியவில்லை. அதைவிடக் கொடியது அதன் இடத்தைப் பிடித்தது: தொழிற்சாலைக்குரிய மெத்தனால். 2023இல் மரக்காணத்தருகே எக்கியார்குப்பத்திலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் உயிர்களைப் பறித்தது அதுவே. கள்ளக்குறிச்சியில் மட்டும் 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இவ்விரு ஊர்களும் ஒருகாலத்தில் கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னார்க்காடு மாவட்டத்தவை.

கள்ளச்சாராயச் சாவு என்றதும் நவச்சாரத்தின்மேல் பழிபோடும் வழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. அச்சாவுகளில் கண்ணைக் குருடாக்கியதும் உயிரைக் குடித்ததும் நவச்சாரம் அன்று. பின்லாந்தில் அதைக் குழந்தைகள் மிட்டாயாகச் சப்புகிறார்கள்.