ஷாக்கர் புராணம்

சண்டிகர் வந்து பதினோரு வருஷம் ஆகிறது. இங்கே மெக்கானிக் யாரும் ஷாக் அப்சார்பர் என்று சொல்வதில்லை, "ஷாக்கர்" தான். காமர்ஸ் படித்து வங்கியில் கடன் ஃபைல் பார்க்கும் எனக்கு அதைப் பற்றிப் படிக்கிற தலையெழுத்து ஏன் வந்தது என்று கேட்கிறீர்களா? எல்லாம் அக்கா பையனால் தான்.

மொஹாலியில் வேலை, ஜாகை எங்கள் வீட்டில். 1999-ல் தொடங்கிய ரெய்டு டி ஹிமாலயா பந்தயத்தின் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, செகண்ட் ஹாண்டில் ஒரு ஜிப்ஸி வாங்கிவிட்டான். போன குளிர்காலத்தில் வறண்ட ஆற்றுப் படுகையில் பயிற்சி. முதல் இருபது நிமிஷம் நன்றாகப் போன வண்டி அப்புறம் பந்து மாதிரி குதிக்க ஆரம்பித்து, கடைசியில் பக்கவாட்டில் கவிழ்ந்தது. தோள்பட்டை எலும்பு முறிவு. திருச்சியிலிருந்து அக்கா போனில் ஒரே அழுகை. "இனிமே அவன் அந்த வண்டியில ஏறக்கூடாதுடா. நீ சொன்னா கேப்பான்."

கட்டு பிரித்த மறுநாள் அவன் வந்து நிற்கிறான். "மாமா, தப்பு என்னோடது இல்ல, ஷாக்கரோடது. நல்லதா நாலு வாங்கணும். பணம் குடுங்களேன்." விலையைக் கேட்டதும் தங்கமணி எழுந்து உள்ளே போய்விட்டாள். கடன் கேட்பவன் சொல்வதைச் சரிபார்ப்பது தானே என் தொழில்? படிக்க உட்கார்ந்தேன்.

முதலில் ஒரு சமாச்சாரம். வண்டியின் எடையைத் தாங்குவது ஷாக்கர் இல்லை, ஸ்பிரிங். ஸ்பிரிங் வாங்கிய அடியை அப்படியே திருப்பி எறியும். அந்தச் சக்தியை உஷ்ணமாக்கி வெளியே விடுவது தான் ஷாக்கரின் வேலை. எங்கள் பாஷையில் சொன்னால், ரைட் ஆஃப்!

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் த்ரூஃபோ என்ற பிரெஞ்சுக்காரரின் உராய்வு வட்டுகள் வந்தன. அவற்றை அமெரிக்காவுக்குக் கொண்டு போனவர் ஹார்ட்ஃபோர்டு. போல்ட்டை இறுக்கினால் பிடிப்பு கூடும். ஆனால் சின்னக் கல்லுக்கும் பெரிய பள்ளத்துக்கும் ஒரே பிடிப்பு தான். எண்ணெய் வந்ததும் கதை மாறியது. சின்னத் துளை வழியே எண்ணெயை வேகமாகத் தள்ளத் தள்ள எதிர்ப்பு ஏறும் அல்லவா? மாடல் டி ஃபோர்டில் ஷாக்கரே கிடையாது. 1927 இறுதியில் வந்த மாடல் ஏ-யில் ஹூடாய் என்பவரின் எண்ணெய் ஷாக்கர் இருந்தது.

எண்ணெய்க்கும் ஒரு வியாதி உண்டு. சாதாரண இரட்டைக் குழாய் ஷாக்கருக்குள் எண்ணெயோடு காற்றும் இருக்கும். விடாமல் குலுக்கினால் எண்ணெய் சூடாகி இளகும், காற்று கலந்து நுரைக்கும். நுரையைத் தள்ளும் பிஸ்டனுக்கு எதிர்ப்பு ஏது? இருபது நிமிஷத்துக்கு அப்புறம் ஜிப்ஸி ஏன் குதித்தது என்று எனக்கு இங்கே தான் புரிந்தது.

இதற்கு மருந்து கண்டவர் த கார்போன் என்ற பிரெஞ்சுக்காரர். 1950-களில் ஒற்றைக் குழாய் வைத்து, மிதக்கும் பிஸ்டன் ஒன்றால் எண்ணெயையும் அழுத்தமான வாயுவையும் பிரித்தார். அழுத்தம் இருப்பதால் நுரை எழாது. ஜெர்மனியின் பில்ஸ்டைன் அதை மெர்சிடிஸ் கார்களுக்குச் செய்து கொடுத்தது. 1967-ல் மெக்ஸிகோ பாலைவனத்தில் முதல் பாஹா பந்தயம். ஜெயித்த மேயர்ஸ் மாங்ஸ் பக்கிக்கு 27 மணி நேரத்துக்கு மேல் ஆனது. அத்தனை நேரம் குலுங்கினால் என்ன ஆகும்? ஒரு சக்கரத்துக்கு இரண்டு மூன்று ஷாக்கர் மாட்டி உஷ்ணத்தைப் பங்கு போட்டார்கள். பிற்பாடு தனி எண்ணெய்த் தொட்டி வந்தது. எண்ணெய் அதிகம், ஆறுவதும் சீக்கிரம். (வங்கிக்காரனுக்கு ரிசர்வின் அருமையைச் சொல்லவா வேண்டும்!)

ஆக, பையன் சொன்னது பாதி உண்மை. ஷாக்கர் ஓய்ந்தது நிஜம். ஆனால் வண்டி குதிக்க ஆரம்பித்ததுமே நிறுத்தியிருக்க வேண்டும். அது அவன் தப்பு.

பணம் தருகிறேன் என்றேன், நிபந்தனைகளோடு. தொட்டி வைத்த ஒற்றைக் குழாய், பிரித்து வால்வு மாற்றக் கூடியது. கல் பட்டு அந்தக் குழாய் நசுங்கினால் பிஸ்டன் சிக்கிவிடும், அதனால் காப்புத் தகடு கட்டாயம். ஆட்களோடும் சாமான்களோடும் வண்டியை எடை போட்டு, அதற்கேற்ற வால்வு. சக்கரம் முழுக்க ஏறி இறங்கும் தூரத்தை அளந்து தான் நீளம். எல்லாவற்றுக்கும் முன்னால் ரோல் கேஜும் நல்ல பெல்ட்டும். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை இறங்கி ஷாக்கர் பக்கத்தில் கை வைத்துச் சூடு பார்க்க வேண்டும். சரி என்று தலையாட்டினான்.

பணம் போன வெள்ளிக்கிழமை அவன் கணக்குக்குப் போய்விட்டது. அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவாள். த்ரூஃபோ, த கார்போன் கதையெல்லாம் அவளிடம் எடுபடாது. என்ன சொல்வது என்று உங்களுக்கு ஏதாவது தோன்றினால் சொல்லுங்களேன்.