காலப் படகில் கச்சி மாநகர்

சென்ற மார்கழியில் முதுகலை மாணவர்களைக் காஞ்சிக் கயிலாசநாதர் கோயிலுக்கு அழைத்துச் சென்றிருந்தேன். திருச்சுற்றில் வரிசையாக நிற்கும் 58 சிற்றாலயங்களையும், அவற்றின் சுவர்களில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஓவியத் துணுக்குகளையும் பார்த்துக்கொண்டு வருகையில் மாணவி ஒருவர் என்னிடம் மெல்லக் கேட்டார்: "ஐயா, சிவகாமி ஆடிய மண்டபம் இதுதானா?"

உடன் வந்தவர்களில் இருவர் சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சிவகாமி என்றொருத்தி வாழ்ந்ததில்லை. அவள் கல்கியின் படைப்பு. வாழ்ந்திருந்தாலும் இந்தக் கோயிலில் ஆடியிருக்க முடியாது. வாதாபி வென்ற நரசிம்மவர்மனின் கொள்ளுப்பேரன் இராஜசிம்மன் எடுப்பித்த கோயில் இது. ஆக, இல்லாத ஒருத்தி இல்லாத மண்டபத்தில் ஆடிய ஆட்டத்தை அந்தப் பெண் தேடிக்கொண்டிருந்தாள். ஆனால் அவள் கேட்ட குரலில் இருந்த நெகிழ்ச்சி பொய்யன்று. அவள் ஏழாம் நூற்றாண்டுக்குப் போய் வந்தவள். போன வண்டிதான் வேறு.

காலப் பயணம் என்றதும் இன்றைய வாசகர்களுக்கு எச்.ஜி. வெல்ஸ் நினைவுக்கு வருவார். 1895இல் வெளிவந்த அவருடைய சிறு நாவல்தான், காலத்தைக் கடக்க ஓர் இயந்திரம் வேண்டும் என்னும் எண்ணத்தை உலகெங்கும் நிலைநிறுத்தியது. அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்னரே மார்க் ட்வைன் ஓர் அமெரிக்கத் தொழிலாளியை ஆர்தர் மன்னனின் அவைக்கு அனுப்பிவிட்டார். அங்கே இயந்திரம் இல்லை. மண்டையில் விழுந்த ஓர் அடியே போதுமானதாக இருந்தது. நம் புராணங்களுக்கு அடியும் வேண்டியிருக்கவில்லை. தன் மகள் ரேவதிக்கு மணமகன் தேடிப் பிரம்மலோகம் போன ககுத்மி, அங்கே இசை முடியும்வரை சற்றுக் காத்திருந்தான். அதற்குள் பூமியில் 27 சதுர்யுகங்கள் கழிந்துவிட்டன என்கிறது பாகவதம். அவன் மனத்தில் வைத்திருந்த மணமகன்கள், அவர்களின் பேரர்கள், குலப்பெயர்கள் எல்லாம் மண்ணாகிவிட்டன. ரேவதி பின்னர் பலராமனை மணந்தாள்.

இவற்றைவிட என்னைக் கவர்வது மணிமேகலை. மணிபல்லவத் தீவின் புத்தபீடிகை ஒரு விசித்திரமான பொருள். அதை வணங்குபவர் தம் முற்பிறப்பை அறிவர். மணிமேகலை அங்கேதான் தன் பழம்பிறப்பை உணர்கிறாள். பின்னர், ஆபுத்திரனின் மறுபிறப்பான புண்ணியராசன் அதே தீவுக்கு வருகிறான். பழம்பிறப்பை உணர்ந்ததோடு அவன் கதை முடியவில்லை. தீவதிலகை அவனுக்கு ஓரிடத்தைச் சுட்டுகிறாள். மணலுக்கடியில் அவனுடைய சென்ற பிறவியின் எலும்புகளே கிடக்கின்றன! தன் எலும்பைத் தானே பார்த்து நிற்கும் ஓர் அரசன். வெல்ஸின் பயணி எட்டு இலட்சம் ஆண்டுகளைக் கடந்து வெகுதூர எதிர்காலத்தைக் கண்டான். ஆனால் தன் எலும்பைக் காணவில்லை. உலகக் காலப்பயணக் கதைகளின் தொகுப்பு ஒன்றை யாரேனும் செய்வார்களாயின் இந்தக் காட்சிக்கு முதல் வரிசையில் இடம் தரவேண்டும் என்பேன்.

இதில் காஞ்சி எங்கே வந்தது என்று கேட்கலாம். பசியால் வாடும் கச்சி மாநகருக்கு அமுதசுரபியுடன் மணிமேகலை வருகிறாள். மணிபல்லவத்தில் உள்ளவை போன்றே அங்கே ஒரு பொய்கையும் பொழிலும் அமைந்திருக்க, அவ்விடத்திலேயே பீடிகையையும் அமைக்கச் செய்கிறாள். அதாவது, காலத்தைக் காட்டும் அந்தப் பீடத்தின் ஒரு படி, காவியத்தின் கணக்குப்படி, காஞ்சியில் இருந்தது. பீடிகை அமைந்த கையோடு அவள் செய்தது என்ன? காணார், கேளார், பசித்தோர் அனைவருக்கும் சோறிட்டாள். பழங்காலத்தைக் காட்டும் கருவிக்குப் பக்கத்திலேயே அன்றைய பசிக்குச் சோறு. சாத்தனார் இதைத் திட்டமிட்டு அமைத்தாரா என்பது வேறு விவாதம்.

பல்லவர் காலக் காஞ்சிக்குள் நேராக நுழைய விரும்புவோர்க்கு இன்னொரு வழியும் உண்டு. முதலாம் மகேந்திரவர்மன் வடமொழியில் எழுதிய மத்தவிலாசப் பிரகசனம் காஞ்சித் தெருவிலேயே நிகழ்வது. குடித்துத் தள்ளாடும் காபாலிகன், அவன் துணைவி, நாகசேனன் என்னும் பௌத்தத் துறவி, ஒரு பாசுபதன், ஒரு பித்தன், மண்டையோட்டுப் பாத்திரத்தைக் கவ்விச் சென்ற ஒரு நாய். இவ்வளவுதான் கதை. ஆனால் மதுக்கடையின் வாசமும் சமயச் சண்டையின் சத்தமும் அதில் இருக்கின்றன. அரசன் தன் தலைநகரைத் தானே கேலி செய்த இப்பிரதி மிக நீண்ட காலம் மறைந்து கிடந்து, 1917இல்தான் கணபதி சாஸ்திரியாரால் திருவனந்தபுரத்தில் அச்சேறியது. மகேந்திரனுக்குப் பின், 640ஐ ஒட்டி வந்த யுவான் சுவாங், நகரின் சுற்றளவு முப்பது லீ என்றும், நூற்றுக்கும் மேற்பட்ட பௌத்தப் பள்ளிகளில் பதினாயிரம் துறவியர் இருந்தனர் என்றும் எழுதினார். நாடகமும் பயணக்குறிப்பும் ஒரே ஊரைத்தான் சொல்கின்றன. ஒன்று சிரிக்கிறது, மற்றொன்று எண்ணுகிறது.

இங்கே ஒன்றை மறந்துவிடக் கூடாது. நாம் இன்று எளிதாக உச்சரிக்கும் பல்லவ அரசர் வரிசை, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் யாருக்கும் தெளிவாகத் தெரியாது. கயிலாசநாதர் கோயில் கல்வெட்டுகளை ஹுல்ட்ஷ் படித்துத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் வெளியிட்டது 1890இல். புதுச்சேரியில் பேராசிரியராக இருந்த ழூவோ துப்ராய் பல்லவர் பற்றிய நூல்களை எழுதியது 1916, 1917இல். இக்கோயிலின் சுண்ணப் பூச்சுக்கடியில் ஓவியங்கள் இருப்பதை அவர் கண்டது 1931இல். வைகுந்தப்பெருமாள் கோயில் திருச்சுற்றில் பல்லவ குல வரலாறே சிற்பத் தொடராகச் செதுக்கப்பட்டிருப்பதை விரிவாக ஆராய்ந்த முனைவர் சி. மீனாட்சியின் நூல், அவர் மறைந்தபின், 1941இல் வெளிவந்தது. அதே 1941இல்தான் கல்கி இதழ் தொடங்கியது. அவ்விதழில் பார்த்திபன் கனவும், அடுத்து 1944 முதல் சிவகாமியின் சபதமும் வந்தன. கல்கியின் படகு காற்றில் செய்ததன்று. அதன் பலகைகளை அறுத்துக் கொடுத்தவர்கள் கல்வெட்டு ஆய்வாளர்கள்.

படகு என்று நான் சொல்வதும் என் உவமை அன்று. பொன்னியின் செல்வனைத் திறந்தவர்களுக்குத் தெரியும்: கால வெள்ளத்தில் கற்பனை ஓடத்தில் ஏறிவர வாசகர்களை அழைத்துத்தான் கல்கி தொடங்குகிறார். விநாடிக்கு ஒரு நூற்றாண்டு என்று வேகத்தையும் குறித்துவிடுகிறார்! 982 ஆண்டுகளைக் கடக்கப் பத்து விநாடிகூட ஆகாது. வெல்ஸின் பயணி இயந்திரத்தின் முள்ளைப் பார்த்துக்கொண்டே போவதற்கும் இதற்கும் அதிக வேறுபாடு இல்லை. ஆயினும் திசை வேறு. வெல்ஸ் முன்னோக்கிப் போனார், ஏனெனில் அவர் நாட்டுக்கு நிகழ்காலம் இருந்தது. 1940களின் தமிழ் வாசகனுக்கு நிகழ்காலம் அயலாரின் கையில் இருந்தது. அவனுக்குரிய படை, கொடி, அரசு எல்லாம் பின்னால்தான் இருந்தன. புதுமைப்பித்தனும் 'கபாடபுரம்' எழுதிக் கடலடிக்குப் போனார். ஆனால் அவர் திரும்பி வந்த மனநிலை வேறு. கூட்டம் ஏறியது கல்கியின் ஓடத்தில்தான்.

அந்தப் பயணத்துக்கு ஒரு விலையும் இருந்தது. சிவகாமியின் சபதத்தை முடிக்கும் வாசகன் வாதாபி எரிந்த நிறைவோடு எழுகிறான். 642இல் பல்லவப் படை வாதாபியைக் கைப்பற்றியது உண்மை. பரஞ்சோதி என்னும் சிறுத்தொண்டர் அதில் பங்கேற்றதைப் பெரியபுராணம் சொல்கிறது. ஆனால் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின் சாளுக்கிய இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சிக்குள் புகுந்தபோது என்ன நடந்தது? பழிக்குப் பழியாக நகரம் எரிந்ததா? கயிலாசநாதர் கோயில் முன்மண்டபத் தூண் ஒன்றில் கன்னடக் கல்வெட்டாக விடை இருக்கிறது. இக்கோயிலின் செல்வத்தைப் பார்த்த அவன், அதை எடுத்துக்கொள்ளாமல் இறைவனுக்கே திரும்ப அளித்தான். அவன் அரசி லோகமகாதேவி பட்டடக்கல்லில் எடுப்பித்த கோயில் இக்கோயிலின் சாயலிலேயே எழுந்தது. பகைவன் எழுதி வைத்த சான்று, பகைவர் ஊரின் தூணிலேயே, யாரும் அழிக்காமல், இன்றும் நிற்கிறது. என் மாணவர்கள் அந்தத் தூணில் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள்.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. நானும் அந்த ஓடத்தில் போனவன்தான். என் தந்தையார் பிள்ளையார்பாளையத்தில் குழித்தறி நெய்தவர். கோர்வைச் சேலைக்கு மூன்று நாடாக்கள் ஓடவேண்டும். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். கரை நாடாவை வீசிக் கொடுக்க ஒரு பையன் பக்கத்தில் உட்கார வேண்டும். நான்தான் அந்தப் பையன். கை ஓடிக்கொண்டிருக்க, அப்பா சிவகாமியின் கதையைச் சொல்லுவார். பைண்டு செய்த கல்கி இதழ்கள் பரணில் இருந்தன. ஆயனரும் நாகநந்தியும் எங்கள் தறிக்குழிக்குள் இறங்கி நிற்பார்கள். ஆனால் அவர் சொன்ன அந்தக் காஞ்சியில் ஒரு தறியும் எனக்குக் கேட்டதில்லை. அரண்மனை உண்டு, சிற்பக்கூடம் உண்டு, போர்க்களம் உண்டு. பல்லவ அரசர் உடுத்த துணியை யார் நெய்தார் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. முதுகலை படித்த பின்னும் பல ஆண்டுகள் தோன்றவில்லை.

தோன்றச் செய்தது உத்தம சோழனின் செப்பேடு. ஆம், பொன்னியின் செல்வனில் அரியணைக் குழப்பத்தின் நடுவே வருகிறானே, அதே உத்தம சோழன். கதையில் அவன் பெயரைச் சுற்றி ஆள்மாறாட்டமே நடக்கிறது. வரலாற்றில் அவன் விட்டுச் சென்ற ஏடு, தொடக்கப் பகுதி தொலைந்து, சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 10ஆம் நூற்றாண்டின் இறுதிக்குரிய அது பேசுவது காஞ்சியைப் பற்றி, ஊரகத்துப் பெருமாள் கோயிலைப் பற்றி. கச்சிப்பேட்டின் நான்கு சேரிகளில் பட்டசாலிகள் எனப்பட்ட நெசவாளர் குடியிருந்தனர். கோயிலின் பொறுப்பும் கணக்கும் அச்சேரியாரைச் சார்ந்திருந்தன. பொருள் வட்டிக்கு விடப்பட்டு, வட்டியில் வழிபாடு நடந்தது. படிக்கும்போது எங்கள் கூட்டுறவுச் சங்கத்துக் கணக்குப் புத்தகத்தைப் புரட்டுவது போலவே இருந்தது.

கல்கி தம் ஓடத்தை இந்த அரசனின் காலத்துக்கே செலுத்தினார். ஆதித்த கரிகாலனின் பொன்மாளிகையைக் காட்டக் காஞ்சியிலும் நிறுத்தினார். நெசவாளர் சேரிக்கு இன்னும் சில தெருக்கள் தள்ளிப் போயிருந்தால் போதும். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை; வாரந்தோறும் தொடர்கதை எழுதுபவர்க்குக் கணக்குப் புத்தகத்தால் என்ன பயன்? ஆனாலும் ஓர் ஏக்கம் இருக்கத்தான் செய்கிறது.

பின்வந்த காலப்பயணிகளும் அத்தெருவுக்கு வரவில்லை. 1991இல் சிங்கீதம் சீனிவாசராவின் 'ஆதித்யா 369' இயந்திரம் விஜயநகருக்குப் போய்க் கிருஷ்ணதேவராயரைக் கண்டது. 2015இன் 'இன்று நேற்று நாளை' நாயகர்களின் கையில் உண்மையிலேயே ஒரு கால இயந்திரம் கிடைத்தது. அவர்கள் அதைக்கொண்டு தொலைந்த பொருள்களைக் கண்டுபிடித்துக் காசு பார்த்தார்கள். (படம் எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பல்லவர் காலத்துக்குப் போகலாம் என்று அவர்களுக்குத் தோன்றாததே ஒரு நேர்மைதான்.) காஞ்சி நெசவாளனைப் பற்றி வந்த நல்ல படம் பிரியதர்ஷனின் 'காஞ்சிவரம்'. அதில் இயந்திரம் இல்லை. 1948இல் காவலர்களோடு பேருந்தில் வரும் ஒருவன் தன் வாழ்வைப் பின்னோக்கிப் பார்க்கிறான், அவ்வளவே. அது காட்டும் தூரம் சில ஆண்டுகள்தான். அந்தச் சில ஆண்டுகளுக்குள் தன் மகளுக்கு ஒரு பட்டுச்சேலை நெய்ய முடியாமல் போன தந்தை இருக்கிறார்.

அந்த மாணவிக்கு நான் சொன்ன பதிலையும் எழுதிவிடுகிறேன். சிவகாமி ஆடிய மண்டபம் இதுவன்று என்றேன். முகம் வாடிவிட்டது. பிறகு அந்தத் தூணுக்கு அழைத்துச் சென்று, கன்னட எழுத்துகளைக் காட்டி, எழுதியவன் யார், என்ன எழுதினான் என்று சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் நின்றாள். பிறகு, "அவன் ஏன் ஐயா திருப்பிக் கொடுத்தான்?" என்று கேட்டாள். அவளை அடுத்த மாதம் எழும்பூருக்கு, செப்பேடு இருக்கும் அருங்காட்சியகத்துக்கு, அழைத்துப் போவதாக இருக்கிறேன். அவள் தாத்தாவும் தறிக்காரர் என்பதைத் திரும்பும் வழியில்தான் சொன்னாள்.