மலையகமும் கட்டுரைத் திரட்டும்



எழுதப் பழகும் மாணவனுக்கு நல்ல உரைநடையைப் படிக்கக் கொடுத்துப் பழக்குவதே நம்மவர் கண்ட வழி. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1850ஆம் ஆண்டு தொடக்கம் வெளியிட்ட பாலபாடங்கள் அவ்வழியில் எழுந்தவை. சிறு வாக்கியத்தில் தொடங்கி நீண்ட கட்டுரை வரையில் அவை மாணவனைப் படிப்படியாக அழைத்துச் சென்றன. கல்லூரிகளுக்குப் பின்னாளில் வந்த கட்டுரைத் திரட்டுகளும் அப்பணியையே தொடர்ந்தன.

அட்டன், நுவரெலியா மலைகளுக்கு இம்மரபு காலந்தாழ்த்தியே வந்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் பயிரிட்ட தேயிலை விரைவிலே மலையெங்கும் பரவிற்று. கல்வி அவ்வாறு பரவவில்லை. தோட்டப் பாடசாலைகள் பல ஓராசிரியரோடு ஐந்தாம் வகுப்பிலே நின்றன. 1948ஆம் ஆண்டுச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரின் குடியுரிமையைப் பறித்தது. அரசு இப்பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கியதோ எழுபதுகளிலேதான்.

இத்தனையும் கடந்து கல்லூரி வாயிலை அடைந்த சிலர், திரட்டுகளிலே காவிரியைக் கண்டனர், கடற்கரையைக் கண்டனர். கொழுந்துக் கூடையையும் பிரட்டுக் களத்தையும் காணவில்லை. கட்டுரையின் ஒழுங்கை அவர்கள் கற்றனர். ஆனால் தம் லயத்து வாழ்வு எழுதத் தகுந்த பொருளன்று என்ற எண்ணத்தையும் சேர்த்தல்லவா கற்றிருப்பர்!

அந்த எண்ணத்தை மாற்றியவர்கள் மலையகத்திலேயே தோன்றினர். 1914இல் மடக்கும்புரைத் தோட்டத்திலே பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, தோட்டத்து மனிதரையும் வழக்கங்களையும் ஆங்கிலத்தில் எழுதி, 1970இல் 'பார்ன் டு லேபர்' என்ற நூலாக்கினார். அட்டன் ஹைலன்ஸ் கல்லூரியில் ஆசிரியராகவும் அதிபராகவும் விளங்கிய இர. சிவலிங்கம் இளைஞரை எழுதத் தூண்டினார். 1971இல் வீரகேசரி வெளியீடாக வந்த 'கதைக்கனிகள்' மலையகச் சிறுகதைகளை ஒரு தொகுதியாக்கிற்று. அது கதைத் தொகுதியே. எனினும், நம் வாழ்வும் எழுதத் தக்கதே என்ற முதற்பாடத்தை அது கற்பித்தது.

இன்றைய ஆசிரியர் செய்யத்தக்கது யாது? பிறநாட்டுக் கட்டுரை ஒன்றையும் மலையகத்துக் கட்டுரை ஒன்றையும் அருகருகே வைத்துப் படிப்பித்தல் வேண்டும். எழுதியவர் எங்கே தொடங்கினார், எதை முன்வைத்தார், எதை விடுத்தார் என்று வினவுதல் வேண்டும். அதன்பின் நூலை மூடிவைத்து, மாணவன் தான் கண்டதை எழுதவிடல் வேண்டும்.

தேயிலைக் கன்றுக்கு நாற்றுமேடையின் நிழல் தேவை. ஆயினும் அங்கேயே நிற்கும் கன்று கொழுந்து தருவதில்லை. மலைச்சரிவிலே நட்டால்தான் தரும். திரட்டு நாற்றுமேடை, மாணவனின் வாழ்வே மலைச்சரிவு.