மூக்கிலிருந்து முதுகுத்தண்டுக்கு

மூக்கின் உச்சியில் மணத்தை உணரும் நரம்பு செல்கள் சில வாரங்களோ மாதங்களோதான் வாழ்கின்றன. மூச்சோடு வரும் தூசும் கிருமியும் அவற்றை அழித்துவிடுகின்றன. அவை போன இடத்தில் புதியவை பிறந்து, மண்டையோட்டின் சல்லடைத் துளைகள் வழியே தம் இழைகளை மூளைக்குள் செலுத்துகின்றன. அந்த இழைகளைப் பொதிந்து வழிகாட்டிச் செல்லும் துணைச் செல் ஒன்று உண்டு. அதை முகர்வு உறைசெல் என்போம்.

லண்டனில் பணியாற்றிய ஜெஃப்ரி ரைஸ்மன் 1985-இல் இந்தச் செல்லின் தனித்தன்மையைக் கண்டறிந்தார். தண்டுவடம் அறுபட்டால், காயத்தைச் சுற்றி வடு இறுகி நரம்பிழைகளை மறித்துவிடும். மூக்கிலிருந்து மூளைக்குள் நுழையும் வாசலிலோ, அதே வகைத் திசு இந்தச் செல்லைக் கண்டதும் விலகி வழிவிடுகிறது. இதைத் தண்டுவடத்தில் வைத்தால் அங்கும் வழி திறக்குமா? 1997-இல் அவருடைய குழு விடையை வெளியிட்டது. தண்டுவடப் பாதை சிதைக்கப்பட்ட எலிகள், இந்தச் செல்களைப் பெற்றபின் முன்னங்காலை நீட்டி உணவை எடுத்தன.

எலியிலிருந்து மனிதருக்கு வந்த பாதை கரடுமுரடானது. 2002-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ஆலன் மக்காய்-சிம் குழுவினர், நோயாளிகளின் மூக்கிலிருந்தே செல்களைப் பிரித்து வளர்த்து, மூவரின் தண்டுவடத்தில் செலுத்தத் தொடங்கினர். மூன்று ஆண்டுகள் கண்காணித்ததில் தீங்கு எதுவும் தெரியவில்லை. ஆனால் அசைவும் திரும்பவில்லை. ஏமாற்றத்தை மறைக்காமல் எழுதிய அந்த ஆய்வின்மீது எனக்குப் பெரும் மதிப்பு உண்டு. லிஸ்பனில் செல்லைப் பிரிக்காமல் மூக்குச் சவ்வையே துண்டுகளாக வைத்துத் தைத்தார்கள். அப்படிச் சிகிச்சை பெற்ற ஒரு பெண்ணுக்கு எட்டு ஆண்டுகள் கழித்துத் தாங்கமுடியாத முதுகுவலி வந்தது. அறுத்துப் பார்த்தால், தண்டுவடத்துக்குள் சளி சுரக்கும் கட்டி! சவ்வு தன் பழைய வேலையை அங்கேயும் செய்துகொண்டிருந்திருக்கிறது. செல் சிகிச்சை என்று விளம்பரம் செய்யும் எவரிடமும் பணம் கட்டுமுன் இதை நினைக்க வேண்டும்.

செல்லின் அடுத்த ஊர் போலந்தின் விரோட்ஸ்வாஃப். கத்திக்குத்தில் தண்டுவடம் ஏறக்குறைய முழுதும் அறுபட்ட ஒருவர். நடுவில் 8 மில்லிமீட்டர் இடைவெளி. 2012-இல் பாவெல் தபகோவ் தலைமையிலான குழு அவருடைய மூளையிலிருந்த இரு முகர்வுக் குமிழ்களில் ஒன்றை எடுத்து, செல்களை ஆய்வகத்தில் பெருக்கி, காயத்தின் மேலும் கீழும் நுண்ணூசிகளால் செலுத்தியது. இடைவெளிக்குப் பாலமாகக் கணுக்காலிலிருந்து எடுத்த நான்கு நரம்புத் துண்டுகள். சில மாதங்களில் தொடைத் தசை பருக்கத் தொடங்கியது. பிறகு ஊன்றுசட்டத்தின் துணையோடு நடந்தார்.

அறுவைக்கு முன்பே பல மாதங்கள் அவர் தீவிரப் பயிற்சி செய்திருந்தார். அப்போது முன்னேற்றம் இல்லை. ஆகவே பயிற்சி மட்டுமே காரணம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனாலும் செல்லா, பாலமா, அறுபடாமல் எஞ்சிய விளிம்பா, எது பலன் தந்தது என்று ஒரே ஒருவரை வைத்து முடிவுகட்டலாகாது. இன்னும் சிலருக்குச் செய்து பார்க்கும்வரை ஆரவாரம் வேண்டாம் என்ற விஞ்ஞானிகளின் பக்கமே நானும் நிற்கிறேன்.

ரைஸ்மன் 2017-இல் மறைந்தார். செல் மறுபடி ஆஸ்திரேலியா வந்திருக்கிறது. கிரிஃபித் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் செயின்ட் ஜான் குழு, மூக்கிலிருந்து எடுத்த செல்களையே சிறு பாலமாக உருவாக்கிக் காயத்தில் பொருத்தும் மனிதச் சோதனையை மேற்கொண்டுள்ளது. முதலில் பார்ப்பது பாதுகாப்பை. பங்கேற்பவர்களுக்கு நீண்ட உடற்பயிற்சியும் சோதனையின் பகுதியாகவே வைக்கப்பட்டுள்ளது.