நடுகல் நாட்டின் காவலர்கள்

தருமபுரி நகரில் அரசினரின் அகழ்வைப்பகம் ஒன்று உண்டு. கல்லூரியில் பயின்றுகொண்டிருந்த நாளில் நான் எங்கள் வரலாற்று ஆசிரியரோடு அங்கே சென்றேன். மன்னர்களின் முடியையும் வாளையும் காணலாம் என்று எண்ணிச் சென்ற எனக்கு அங்கே காணக் கிடைத்தவை பெரும்பாலும் கற்களே. அவை நடுகற்கள். கல்தோறும் ஒரு வீரனின் உருவம். அருகே பழைய எழுத்தில் சில வரிகள்.

அவ்வரிகளின் அமைப்பை ஆசிரியர் விளக்கினார். இன்ன அரசனுக்கு இத்தனையாவது ஆட்சியாண்டு என்று கல்வெட்டுத் தொடங்கும். இன்ன ஊரின் ஆநிரையைப் பகைவர் கவர்ந்தபோது இன்னான் பொருது பட்டான் என்று முடியும். "ஐயா, அரசன் பெயர் முதலில் நிற்கிறதே, கல் அரசனுக்கா, வீரனுக்கா?" என்று நான் கேட்டேன். அவர் புன்னகை புரிந்து, "அரசன் பெயர் ஆண்டைக் குறிப்பதற்கு, கல் வீரனுக்கு" என்றார்.

அவ்விடை என் நெஞ்சில் பதிந்துவிட்டது. தகடூர் என்று பண்டு வழங்கிய நாடே இன்றைய தருமபுரி. ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட நாடு அது. சேலம் மாவட்டத்தின் பகுதியாக இருந்து, 1965-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் தனி மாவட்டமாயிற்று. அதியமானின் பெயரை நாம் அனைவரும் அறிவோம். ஆயினும் அந்நாட்டின் ஊர்தோறும் நடப்பட்ட கற்கள் முடிமன்னர்களைப் பாடவில்லை. தம் ஊரின் மாடுகளைக் காக்க முன்னின்று உயிர் நீத்த எளிய மனிதரையே அவை நினைவூட்டுகின்றன. மாடு அந்நாளில் செல்வம் மட்டுமன்று. அதுவே உணவு, உழவு, வாழ்வு. அதைக் காத்தவன் ஊரைக் காத்தவன் ஆனான்.

ஊருக்கு வரும் பகைவர் அனைவரும் வில்லேந்தி வருவதில்லை. என் பாட்டி அரூருக்கு அருகிலுள்ள சிற்றூரில் வாழ்ந்தவர். அவர் பெற்ற பிள்ளைகள் ஒன்பது. வளர்ந்து ஆளானவர் நால்வர். ஏனைய ஐவரைப் பற்றிக் கேட்டால், "பிழைக்கவில்லை, அப்பா" என்னும் ஒரு சொல்லோடு வேறு வேலையைப் பார்க்கத் தொடங்கிவிடுவார். அக்குழந்தைகளைக் கவர்ந்து சென்ற பகைவரின் பெயர் பேதி, காய்ச்சல், பசி. அப்பகைவரை எதிர்த்து நிற்க ஊரில் ஒருவரும் இல்லை. அதனால் அக்குழந்தைகளுக்குக் கல்லும் இல்லை.

இப்பகைவரை எதிர்த்து நின்ற ஓர் ஊரின் வரலாற்றைத்தான் இன்று உங்களுக்குக் கூற விழைகிறேன். தருமபுரி மாவட்டத்தின் கிழக்கே, கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடையே ஒரு பள்ளத்தாக்கு அமைந்துள்ளது. அதன் பெயர் சிட்டிலிங்கி. அங்கு வாழ்வோருள் பெரும்பாலோர் மலையாளிகள் எனப்படும் பழங்குடியினர். பெயரைக் கண்டு கேரளத்தாரென்று எண்ணவேண்டா. மலையில் வாழ்பவர் என்பதே பொருள். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர் என்பது அவர்களிடையே வழங்கும் மரபுச் செய்தி. லம்பாடி மக்களின் தாண்டாக்களும் அங்கே உள்ளன.

1990-களின் தொடக்கத்தில் அப்பள்ளத்தாக்கில் நோயுற்றவர் மருத்துவமனையை நாடினால் 40 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள அரூருக்குச் செல்ல வேண்டியிருந்தது. அறுவை மருத்துவத்திற்கு அதனினும் தொலைவிலுள்ள நகரங்களே கதி. பிறந்த 1,000 குழந்தைகளுள் ஏறத்தாழ 150 குழந்தைகள் ஓராண்டு நிறைவதற்குள் இறந்தன. அதாவது ஏழு தொட்டில்களில் ஒன்று வெறுமையாயிற்று.

1993-ஆம் ஆண்டில் ரெஜி ஜார்ஜ், லலிதா என்னும் இளம் மருத்துவத் தம்பதியர் அங்கு வந்தனர். அதற்கு முன் திண்டுக்கல்லை அடுத்த காந்திகிராமத்து மருத்துவமனையில் பணிபுரிந்தவர்கள் அவர்கள். நகரத்தில் பொருளீட்டும் வாய்ப்பை விடுத்து, ஊர் மக்கள் துணையோடு எழுப்பிய ஓலைக் குடிசையிலே மருத்துவம் பார்க்கத் தொடங்கினர். அக்குடிசையே நோயாளர் பகுதி; அதுவே அறுவைக் கூடமும் ஆயிற்று. பழங்குடி நலப் பணிக்கென அவர்கள் தொடங்கிய அந்நிறுவனம் பின்னர்ப் படிப்படியாகக் கட்டடங்களோடு கூடிய மருத்துவமனையாக வளர்ந்தது.

இதுவரை கூறியது இரு நல்லவர்களின் தொண்டு. இத்துடன் நின்றிருந்தால் இதை நான் வரலாறு என்று அழைத்திருக்க மாட்டேன். அவர்கள் வந்தபோது ஒளி வந்தது, சென்றால் ஒளியும் போகும் என்றே முடிந்திருக்கும். நிகழ்ந்தது வேறு. மருத்துவர் இருவரும் அப்பள்ளத்தாக்கின் பெண்களையே செவிலியராகப் பயிற்றுவித்தனர். உயர்கல்வி காணாத மலைநாட்டு இளம்பெண்கள் பேறு பார்க்கவும், குருதி ஆய்வு செய்யவும், அறுவை மருத்துவத்தில் துணைநிற்கவும் கற்றனர். ஊரார் தாமே தெரிந்தெடுத்த பெண்மணிகள் நலப் பணியாளர் ஆயினர். அவர்கள் வீடுதோறும் சென்று கருவுற்றவரைக் கண்டனர். பிறந்த குழந்தையை எடை பார்த்தனர். பேதி கண்ட குழந்தைக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைப் புகட்டக் கற்பித்தனர். அயலார் ஆயிரம் முறை கூறினும் ஏற்காத ஒன்றை, அடுத்த வீட்டு அக்காள் ஒருமுறை கூறினால் தாய்மார் ஏற்பர் அன்றோ?

பயன் என்ன? 1,000-க்கு 150 என்றிருந்த குழந்தை இறப்பு, பின்னாளில் 20 என்னும் அளவுக்குக் குறைந்தது. ஒவ்வொரு 1,000 பிறப்பிலும் முன்பு மண்ணுக்குச் சென்றிருக்கக்கூடிய 130 குழந்தைகள், இன்று பள்ளிக்குச் செல்கின்றன.

இம்முறை சிட்டிலிங்கிக்கு மட்டும் உரியதன்று. மகாராட்டிரத்தில் ஜாம்கேட் என்னும் வறண்ட பகுதியில், 1970-ஆம் ஆண்டில் ரஜனிகாந்த் ஆரோளே, மேபல் ஆரோளே என்னும் மருத்துவர் இருவர் எழுத்தறியாக் கிராமப் பெண்களையே நலப் பணியாளராக்கிப் பெரும்பயன் கண்டனர். 1978-ஆம் ஆண்டில் அல்மா-ஆட்டா நகரில் உலக நாடுகள் கூடியபோது, தம் நலத்தைப் பேணும் பணியில் மக்களே பங்கேற்க வேண்டும் என்று அறிவித்தன.

சிட்டிலிங்கியில் பணி மருத்துவத்தோடு நிற்கவில்லை. மருந்து தந்து அனுப்பிய குழந்தை மீண்டும் மெலிந்து வந்தால், குறை மருந்தில் இல்லை, உலையில் உள்ளது. கடன்பட்டு உரம் வாங்கி, விளைவு பொய்த்து, பிழைப்புத் தேடி ஊரைவிட்டுச் செல்வோர் பலர் இருந்தனர். 2004-ஆம் ஆண்டு முதல் உழவர் சிலர் ஒன்றுகூடி இயற்கை வேளாண்மையை மேற்கொண்டனர். அச்சிறு கூட்டம் உழவர் சங்கமாக வளர்ந்தது. சாமையும் கேழ்வரகும் மதிப்புப் பெற்றன. லம்பாடிப் பெண்களின் பூத்தையற்கலை முதியோர் சிலரோடு மறையும் நிலையில் இருந்தது. அம்முதியோரையே ஆசிரியராக்கி இளைய பெண்கள் அதை மீண்டும் கற்றனர். 2006-ஆம் ஆண்டில் தோன்றிய அவர்களது குழுவிற்குப் 'போர்கை' என்று பெயர். அவர்கள் மொழியில் அதற்குப் பெருமை என்று பொருள்.

"இவையெல்லாம் அரசின் கடமையல்லவா?" என்று உங்களுள் சிலர் கேட்கலாம். ஆம், கடமைதான். சாலையும் மருத்துவமனையும் பள்ளியும் கேட்டுப் பெறுவது நம் உரிமை, அதில் ஐயமில்லை. ஆனால், நள்ளிரவில் வலி கண்ட பெண்ணின் வீட்டு வாயிலில் முதலில் வந்து நிற்கக்கூடியவர் அண்டை வீட்டாரே. அவருக்கு அறிவும் பயிற்சியும் இருக்குமாயின் ஓர் உயிர் பிழைக்கும். இல்லையாயின் கைபிசைந்து நிற்பதன்றி வேறு வழியில்லை.

ஆகவே, மாணவ நண்பர்களே, ஊருக்கு நன்மை செய்ய விரும்பினால், கொடுப்பதற்கு என்ன இருக்கிறது என்று தேடுவதற்கு முன், ஊரை அறிந்துகொள்ளுங்கள். அடுத்த விடுமுறையில் உங்கள் தெருவிலுள்ள முதியோரிடம் சென்று அமருங்கள். எத்தனை பிள்ளைகள் பிறந்தன, எத்தனை பிழைத்தன, எந்தக் கிணறு எப்போது வற்றியது, எந்தப் பயிர் ஏன் கைவிடப்பட்டது என்று கேளுங்கள். கேட்டவற்றை ஆண்டோடு எழுதி வையுங்கள். உங்கள் ஊரின் பகைவர் யார் என்பது அக்குறிப்பிலிருந்தே விளங்கும். பின்னர் எதிர்த்து நிற்பதற்குத் துணை தேடுங்கள். துணைவர் ஊரிலேயே இருப்பர்.

சிட்டிலிங்கியின் கதையைக் கூறும்போதெல்லாம் அந்த அகழ்வைப்பகத்தில் ஆசிரியர் கூறிய விடை எனக்கு நினைவுக்கு வருகிறது. மருத்துவர் இருவர் வந்த 1993-ஆம் ஆண்டு நன்றியோடு குறிக்கத்தக்க ஆண்டுதான். அவர்களும் அதற்குமேல் புகழை விரும்பியவர்களாகத் தோன்றவில்லை. மலைப்பாதையில் வீடு வீடாக நடந்த அப்பெண்மணிகளுக்கு எவரும் கல் நடவில்லை. என் பாட்டியின் ஊரிலும் அத்தகைய ஒருத்தி அந்நாளில் இருந்திருந்தால், எனக்கு இன்னும் சில மாமன்மாரும் சிற்றன்னையரும் இருந்திருப்பர்.