டீசல் எஞ்சினில் ஹைட்ரஜன் சேர்ப்பு

டீசல் எஞ்சின் உள்ளிழுக்கும் காற்றிலோ நேராக எரிகலனிலோ ஹைட்ரஜனைச் செலுத்தி, டீசலுடன் சேர்த்து எரிக்கும் முறை. ஹைட்ரஜன் தானே பற்றும் வெப்பநிலை சுமார் 585° செ.; அதனால் சிறிதளவு டீசலே தீ மூட்டுகிறது.

தொட்டியில் சேமித்த வாயுவைப் பயன்படுத்துவது ஒரு வகை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகம் 2022-இல் அறிவித்த அமைப்பு 90% ஹைட்ரஜனில் இயங்கியது. எரியும் வெப்பநிலை கூடினால் நைட்ரஜன் ஆக்சைடுகள் பெருகும்.

மைலேஜ் கூட்டும் என்று விற்கப்படும் கருவி வேறு வகை. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கலந்த நீரை ஆல்டர்னேட்டர் மின்சாரத்தால் பகுத்து, வெளிவரும் வாயுவை ஏர் ஃபில்டர் குழாயில் விடுகிறது. அந்த மின்சாரமும் டீசலிலிருந்தே வருகிறது. எஞ்சின், ஆல்டர்னேட்டர், மின்பகுப்பு என ஒவ்வொரு படியிலும் இழப்பு உண்டு. ஆகவே வாயு திருப்பித் தரும் ஆற்றல், அதை உண்டாக்கச் செலவானதைவிட எப்போதும் குறைவே.